சிடுமூஞ்சி வீட்டுக் குழாய்

அந்த பிளம்பரின் போனில் பதினோராயிரம் படங்கள். பேரப்பிள்ளை படமா, பூப்படமா என்று கேட்டுவிடாதீர்கள், எல்லாம் குழாய். சுவரை உடைத்துக் குழாய் பதித்தால், பூசி மூடுவதற்குள் ஒரு படம் எடுத்துவிடுவார். மூடின பிறகு உள்ளே எது எங்கே ஓடுகிறதென்று எந்த மகராசனுக்குத் தெரியும்? ஆணி அடிக்கிறவன் அடித்துவிட்டுப் போய்விடுவான், வீடு குளமாகும்.

"ஒவ்வொரு வீட்டுப் படத்துக்கும் ஒரு பேர் வைங்கப்பா. பேரைச் சொன்னா வந்து நிக்கும்" என்று வழி காட்டியவள் மகள். காய்ப்பேறிய விரலுக்குப் போன் மசியாது, அதனால் வாயால் சொல்லித்தான் தேடுவார். கதவு எண்ணைப் போடச் சொன்னாள். எண்ணெல்லாம் அவர் மண்டையில் எங்கே நிற்கிறது? ஆட்களின் குணம்தான் நிற்கும். 'டீ தராத வாத்தியார்', 'நாய்க்குப் பயந்த டாக்டர்', 'வாய் ஓயாத தையல்காரி' என்று வரிசையாக வைத்துவிட்டார். சொன்ன நொடியில் படம் வரும். தன் சாமர்த்தியத்தில் அவருக்கே பெருமை தாங்காது.

அன்றைக்குக் கூப்பிட்டது நாலாம் மாடி அம்மா. குளியலறையில் கண்ணாடி மாட்டத் துளை போட வேண்டும். இவர் போய்ச் சேரும்போதே டிரில்லிங் மெஷினோடு ஆள் நிற்கிறான். "குழாய் எங்க போகுதுன்னு காட்டுங்கண்ணே, எனக்கு அடுத்த வேலை இருக்கு" என்று பறக்கிறான்.

வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். அந்த அம்மாவுக்கு அவர் வைத்திருந்த பேர் 'இடிச்சு இடிச்சுக் கட்டுற சிடுமூஞ்சி'. ஒரே சுவரை மூன்று தடவை இடிக்க வைத்து, மூன்று தடவையும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டவள் ஆயிற்றே!

"உள்ள சிக்னல் இல்லம்மா" என்று நடைக்கு நழுவி, வாயருகே போனைக் கையால் பொத்திக் கிசுகிசுத்தார்.

"புரியவில்லை, மறுபடியும் சொல்லுங்கள்" என்றது போன்.

கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். அதற்கும் புரியவில்லை. உள்ளே மெஷின் உறுமத் தொடங்கிவிட்டது. ஐயையோ, குழாயில் இறங்கிவிட்டால்? அடித்தொண்டையிலிருந்து கத்தினார். நடை முழுக்க எதிரொலித்தது. படங்கள் வந்துவிட்டன. திரும்பினால் வாசலில் அந்த அம்மா.

"மூணு தடவை ஏன் இடிச்சேன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

அவர் தலை குனிந்தது.

"வீட்டுக்காரருக்கு வாதம். கையைத் தோளுக்கு மேல தூக்க முடியல. அப்புறம் நெஞ்சுவரைக்கும்தான். கடைசியில நாற்காலியில உக்காந்தபடிதான். கை இறங்க இறங்கக் குழாயும் இறங்குச்சு."

கையிலிருந்த படங்களைப் பார்த்தார். மூன்று படம், மூன்று உயரம். இத்தனை நாளும் குழாயைத்தானே பார்த்திருக்கிறோம் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நானும் உங்களுக்கு ஒரு பேர் வெச்சிருக்கேன்" என்று தன் போனை நீட்டினாள். அவர் நம்பருக்கு மேலே 'நாளைக்கு வர்றேன்' என்று இருந்தது. "கடைசித் தடவை பன்னிரண்டு நாள் அப்படியே சொன்னீங்க. ஒருவழியா வந்து இறக்கிக் குடுத்தீங்க. அதுல அவர் குளிச்சது ரெண்டே நாள்."

"மன்னிச்சிடுங்கம்மா."

"முதல்ல குழாயைக் காட்டுங்க. அந்த ஆள் நிக்கிறாரு."

உள்ளே போய்ப் பென்சிலை எடுத்தார். மூன்றாவது படத்தைப் பார்த்துப் பார்த்து மேலிருந்து கீழாகக் கோடு இழுத்தார். கோடு முடிந்தபோது அவர் தரையில் முட்டி போட்டிருந்தார்.