வேம்படியில் ஒரு சூலம்

ஏப்ரல் 9, முற்பகல் 11.20. புளியங்கூடலில் தகரக் கூரையுடன் புதிய பேருந்துத் தரிப்பிடம் இருக்கிறது. அதனுள் ஒருவரும் இல்லை. பயணிகள் அனைவரும் சற்றுத் தள்ளி, ஒரு வேம்பின் நிழலில் நிற்கிறார்கள். வீதியை அகலமாக்க வெட்டவேண்டிய மரம் என்று அதில் சிவப்பு வண்ணத்தில் இலக்கமிட்டிருக்கிறார்கள். இலக்கத்துக்குக் கீழே புதிய வைரவர் சூலம் ஒன்று நிற்கிறது. பக்கத்தில் மீன் விற்கும் பெண்ணின் கழுத்தில் செபமாலை.

“சூலம் ஆர் நட்டது, அக்கா?” என்று அவரிடம் கேட்கிறேன்.

“நான்தான். வெயிலிலை மீன் பத்து மணிக்கே பழுதாப்போகும். இந்த நிழலிலை மத்தியானம் வரைக்கும் தாங்கும்.”

“நீங்கள் வேதக்காரர் அல்லோ?”

“ஓம். மாதாவை வைச்சால் மரம் வெட்டுறவை பக்குவமாத் தூக்கிக்கொண்டுபோய்க் கோயிலிலை குடுத்திடுவினம். வைரவரிலை கைவைக்கப் பயப்பிடுவினம்.” குரலைத் தாழ்த்துகிறார். “நாளைக்கு வெட்ட வருகினமாம். பூ இல்லாட்டில் நம்பமாட்டினம், பிள்ளை. விடிய முந்திச் சூலத்தை நட்டிட்டன். பூவைப் பகலிலை வைச்சால் பாதர் கண்டிடுவார்.”

மறுநாள் காலை, தங்கியிருந்த வீட்டு வேலியில் ஐந்து செவ்வரத்தம்பூக்களைப் பறித்துக்கொண்டு முதல் பேருந்தில் ஏறினேன். எங்கே இறக்கம் என்று நடத்துநர் கேட்டார். “வைரவர் கோயிலடி” என்றேன். அவர் மறுகேள்வி கேட்காமல் சீட்டைக் கிழித்துத் தந்தார்.