பிடி என்றார், கையை விட்டேன்

தண்ணீரைக் கண்டால் எனக்குப் பயம். கொஞ்சநஞ்சப் பயம் இல்லை. மழைக்காலத்தில் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றாலே என் கை தானாக எதையாவது தேடிப் பிடித்துக்கொள்ளும். கதவு, விளக்குக் கம்பம், பக்கத்தில் நிற்பவரின் சட்டை, எது கிடைத்தாலும் சரி. பத்து வருடமாக இப்படித்தான் இருந்தேன். போன மாசி மாதம் நம் அம்மன் என்னை அதிலிருந்து தூக்கி எடுத்தாள். அவளுடைய பிள்ளைகளான உங்களிடம் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும், குரல் தெரியாது. ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது கோயிலுக்குப் பின்னால் அண்டா கழுவிக்கொண்டிருப்பவன் நான். பெயர் ஏழுமலை. ராஜா அண்ணாமலைபுரத்தில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறேன். மேடைக்கு வந்து சொல்லுங்கள் என்று கோயிலில் கேட்டார்கள். மைக்கைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. எழுத்துப் பிழைகளை என் மகள் தேவி திருத்தித் தந்தாள்.

அடையாறு பொங்கிச் சைதாப்பேட்டைக்குள் வந்த அந்த வருடம் நாங்கள் ஆற்றோரத்தில் குடியிருந்தோம். மனைவி சரசுவையும் அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த தேவியையும் பக்கத்து மாடிக்கு ஏற்றிவிட்டேன். நான் ஏறுவதற்குள் தண்ணீர் மார்புக்கு வந்துவிட்டது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு நிற்கத் தரை இல்லை, தொங்கினேன். அம்மா, அம்மா என்று அவளைத்தான் கூப்பிட்டேன்.

மதியம் ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து மீனவர்கள் படகோடு வந்தார்கள். அதில் ஒருவர் பாஸ்கர். படகு பக்கத்தில் வந்து நின்றும் என்னால் கம்பியை விட முடியவில்லை. மனது விடு என்கிறது, கை கேட்கவில்லை. பாஸ்கர்தான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். “வுடு நைனா, வுடு. நான்தான் உன்னப் புடிச்சுக்கினு கீறேன்ல?” என்றார். அன்று முதல் அவர் எனக்கு நண்பர்.

நான் கம்பியை விட்டேன். பயம் என்னை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போவோம். சரசுவும் தேவியும் அலையில் நிற்பார்கள். நான் உலர்ந்த மணலில் உட்கார்ந்து செருப்புகளைப் பார்த்துக்கொள்வேன். “அப்பா, வாப்பா, கால் மட்டும் நனைப்பா” என்று தேவி சின்ன வயதில் கையைப் பிடித்து இழுப்பாள். வளர்ந்த பிறகு கேலி செய்தாள். “எல்லார் அப்பாவும் தண்ணில நிக்கறாங்க. எங்கப்பா மட்டும் செருப்புக்கு வாட்ச்மேன்.” கேலி செய்தபோதுகூட வலிக்கவில்லை. கல்லூரியில் சேர்ந்த பிறகு கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். செருப்பைக் கழற்றி என் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் போவாள். அதுதான் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் முன்னால் நின்று ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். தாயே, இந்தப் பயத்தை எடுத்துவிடு. என் பெண்ணோடு ஒரு தடவை அலையில் நிற்க வேண்டும். வருடங்கள் போயின. அவள் ஒன்றும் சொல்லவில்லை. இது இனிமேல் என்னோடுதான் சாகும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் இன்னொரு நண்பன் தாமு. சின்ன வயதிலிருந்து ஒரே தெரு. சுற்றுலா வேன் ஓட்டுகிறான். கன்னட நாட்டு மலையில் ஒரு முகாமுக்கு அடிக்கடி ஆட்களை ஏற்றிக்கொண்டு போவான். “ஊரையே கூட்டிட்டு வர்றியே, ஒரு தடவை உன் நண்பர்களைக் கூட்டிட்டு வா” என்று அந்த முகாம்காரர் அவனிடம் சொல்லியிருக்கிறார்.

“இன்னா பண்ணுவாங்க அங்க?” என்று கேட்டேன்.

“சைக்கிள் வுடுவாங்க மச்சி. உனக்குத் தெரியும்ல? அவ்ளோதான்” என்றான் தாமு.

சரசுவும் அனுப்பி வைத்தாள். “போய்ட்டு வாய்யா. இஸ்திரி வண்டி எங்கயும் ஓடிடாது” என்றாள்.

ஆக தாமு, பாஸ்கர், நான், மூன்று பேர். மூவருக்கும் தலை நரைத்துவிட்டது. வண்டி மலை ஏறும்போதுதான் தாமு மெதுவாகச் சொன்னான். “நாளைக்கு மத்தியானம் மஞ்சு நம்மள ஆத்துல கூட்டிக்கினு போவும்.”

எனக்கு ஆறு என்றது மட்டும் காதில் விழுந்தது. பாஸ்கருக்கு மஞ்சு என்றது மட்டும் விழுந்தது. வேன் கண்ணாடியில் பார்த்துத் தலை வாரிக்கொண்டார். முகாமில் இறங்கியதும் பெரிய மீசை வைத்த ஒரு ஆள் வந்து கும்பிட்டார். “நானு மஞ்சு” என்றார். மஞ்சுநாதன் என்ற பெயரை அங்கே அப்படித்தான் சுருக்குவார்களாம். பாஸ்கர் சீப்பை எடுத்து என் பையில் போட்டுவிட்டார். தாமு சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த குரங்குகள் ஓடிப்போயின.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் சைக்கிள். நம் ஊர் சைக்கிள் மாதிரி இல்லை. டயர் எருமைக் கொம்பு கனம். காபித் தோட்டத்துக்கு நடுவே கல்லும் வேருமாகப் பாதை இறங்குகிறது. தாமுவும் பாஸ்கரும் கத்திக்கொண்டே பாய்ந்தார்கள். நான் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்தபடி இறங்கினேன். இறங்கினேன் என்று சொல்வதே அதிகம். கீழே எனக்காகக் காத்து நின்றவர்கள் விடவில்லை.

“இன்னாடா இது? சைக்கிள்ல வந்தியா, சைக்கிளத் தூக்கிக்கினு வந்தியா?” என்றான் தாமு.

“பிரேக்க வுடு நைனா. பாவம், அதுக்கு மூச்சு முட்டுது” என்றார் பாஸ்கர்.

மதியம் ஆற்றங்கரைக்குப் போனோம். ரப்பர் படகு, ஆளுக்கொரு துடுப்பு, மிதவைச் சட்டை, தலைக்கவசம். மஞ்சு தனக்குத் தெரிந்த தமிழில் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். “தண்ணி உள்ளே விழுந்தா பயம் வேண்டா. மல்லாக்கப் படு. கால் முன்னாடி. சட்டை உன்னைப் பாத்துக்கும்.” நான் தூரத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. என் கதை அவர்களுக்குத் தெரியும்.

பாஸ்கர் செருப்பைக் கழற்றி என் பக்கத்தில் வைத்தார். தாமுவும் வைத்தான். “ஏழுமல, செருப்பப் பாத்துக்கோ” என்றார் பாஸ்கர். அவர் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தேவியின் முகம் வந்து நின்றது. சட்டென்று எழுந்து நானும் என் செருப்பைக் கழற்றினேன். “எனக்கும் ஒரு சட்டை குடுங்க” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. தாமு மட்டும் கேட்டுவிட்டு வாயைப் பிளந்தான்.

முதலில் ஆறு அமைதியாக இருந்தது. தாயே, தாயே என்று சொல்லிக்கொண்டே துடுப்புப் போட்டேன். ஒரு திருப்பம் தாண்டியதும் தண்ணீர் வெள்ளையாகக் கொதித்தது. படகின் மூக்கு எழும்பியது. அடுத்த நொடி நான் ஆற்றுக்குள் இருந்தேன்.

மூக்கிலும் காதிலும் தண்ணீர். கை வழக்கம்போலத் தேடியது. பாறை இடுக்கிலிருந்து ஒரு வேர் நீட்டிக்கொண்டிருந்தது. அகப்பட்டது. இரண்டு கையாலும் பிடித்தேன். படகு என்னைத் தாண்டிக் கீழே போய்விட்டது. ஆறு அதைத் திரும்பி வர விடவில்லை. நான் பிடித்த இடத்தில் தண்ணீர் என் முதுகில் மோதித் தலைக்கு மேலே ஏறிப் போனது. ஒரு மூச்சு கிடைக்கும். பிறகு முழுகுவேன். மறுபடி ஒரு மூச்சு.

அந்த இரைச்சலுக்கு நடுவே மஞ்சுவின் குரல் மட்டும் வந்தது. “பிடி! பிடி!”

பிடித்தேன். இன்னும் இறுக்கமாகப் பிடித்தேன்.

“பிடி! பிடி!” என்று அவர் மறுபடியும் கத்தினார். தாமுவும் பாஸ்கரும் கையை ஆட்டுவது தெரிந்தது. அவர்கள் சொல்வது காதில் விழவில்லை. பிடிக்கப் பிடிக்கத் தண்ணீர் என்னை அதிகமாக முழுக்கியது. வேர் நழுவினால் செத்தேன் என்று நினைத்தேன். சரசுவை நினைத்தேன். தேவிக்குக் கடைசியாக என்ன சொன்னேன் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. அழுதேன். ஆற்றுக்குள் அழுதால் யாருக்குத் தெரியும்?

அப்போது வாய்விட்டுக் கேட்டேன். “அம்மா, என்னைப் பிடிச்சுக்கோ.”

அடுத்து நடந்ததை உள்ளபடியே எழுதுகிறேன். சன்னல் கம்பி கண்முன் வந்தது. என் விரலை யாரோ பிரிப்பது போல இருந்தது. ‘நான்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேனே’ என்று ஒரு எண்ணம் வந்தது. பாஸ்கரின் பழைய சொல்தான், குரல் மட்டும் அவருடையது இல்லை. என் இரண்டு கையும் வேரில் மாட்டியிருக்கும்போது தாய் என்னை எப்படித் தூக்குவாள்? கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழும் குழந்தையை யாரால் இடுப்பில் வைக்க முடியும்?

கை திறந்துகொண்டது. நான் திறந்தேன் என்று சொல்ல மாட்டேன். பத்து வருடம் முயன்றும் என்னால் ஆகாதது அது.

ஆறு என்னை எடுத்துக்கொண்டது. பயந்தபடி முழுகவில்லை. மிதவைச் சட்டை தூக்கியது, மல்லாந்தேன், தலைக்கு மேலே வானம் தெரிந்தது. இரண்டு குலுக்கல். அதற்குப் பிறகு இரைச்சல் பின்னால் போய்விட்டது. கோயில் குளம் மாதிரி அசையாத தண்ணீரில் கிடந்தேன். நான் சாவு என்று நினைத்த இடத்துக்கும் இந்த அமைதிக்கும் நடுவே கூப்பிடு தூரம்கூட இல்லை. பாஸ்கர் நீந்தி வந்து சட்டையைப் பிடித்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

கரையில் மஞ்சு கிட்டத்தட்ட அழுதார். “எவ்ளோ வாட்டி சொன்னேன், பிடி, பிடி! ஏன் கேக்கில்லா?”

“அதான் பிடிச்சேனே!” என்றேன்.

“பிடி அந்த்ரே, ஏன் பிடிச்சது?” என்றார் அவர்.

நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். தாமு தலையில் அடித்துக்கொண்டான். “டேய்! கன்னடத்துல பிடின்னா வுடுன்னு அர்த்தம்டா! அவசரத்துல அவருக்குத் தமிழ் எங்க வரும்? வுடு வுடுன்னு கத்திக்கினு கீறாரு, நீ உடும்பு மாதிரி தொங்கறியே!”

முதலில் சிரித்தது நான்தான். நான் அப்படிச் சிரித்துத் தாமுவே பார்த்ததில்லையாம். மணலில் விழுந்து சிரித்தேன். மஞ்சு மீசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இந்தத் தபா உன் விரலப் பிரிக்க நான் வரலையே நைனா, யாரு பிரிச்சது?” என்று பாஸ்கர் கேட்டார். யார் என்று சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

எனக்குத் தெரிந்த எழுத்தில் இரண்டு சொல்லையும் ஒரே மாதிரிதான் எழுத வேண்டியிருக்கிறது. நான் தாயிடம் பிடி என்றேன். மஞ்சு என்னிடம் பிடி என்றார். அவளுக்கு இரண்டு மொழியும் தெரியும்.

அன்று சாயங்காலம் அந்த அமைதியான தண்ணீரில் நானாகவே இறங்கி மிதந்தேன். ஞாயிறு காலையில் அதே காபித் தோட்டப் பாதையில் பிரேக்கிலிருந்து விரலை எடுத்தேன். தேவையான இடத்தில் மட்டும் தொட்டேன். காற்று சட்டைக்குள் புகுந்து படபடவென்று அடித்தது. “அம்மா!” என்று கத்திக்கொண்டே தாமுவைத் தாண்டிப் போனேன். பயத்தில் கூப்பிடவில்லை, சந்தோஷத்தில் கூப்பிட்டேன். இரண்டையும் அவள் கேட்டிருப்பாள். “எவன்டா அவன், நம்ம ஏழுமலயா?” என்று பின்னால் தாமுவின் குரல் கேட்டது.

அடுத்த ஞாயிறு கடற்கரைக்குப் போனோம். சரசுவிடமும் தேவியிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தேவி வழக்கம்போலச் செருப்பைக் கழற்றி என் பக்கத்தில் வைத்தாள். நான் என் செருப்பையும் கழற்றினேன். லுங்கியை மடித்துக் கட்டினேன். சரசு பார்த்துக்கொண்டே இருந்தாள். “இன்னாயா, இன்னா பண்ற?” என்றாள். நான் நேராக நடந்தேன். முதல் அலை முழங்காலுக்கு வந்தது. கை எதையும் தேடவில்லை.

தேவி ஓடி வந்தாள். “அப்பா! செருப்ப யாருப்பா பாத்துக்கறது?” என்று கேட்டுக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். மூன்று பேரும் இருட்டும்வரை நின்றோம். பெரிய அலை ஒன்று மணல் மேலே ஏறி வந்து ஒரு ஜோடியை இழுத்துக்கொண்டு போனது. என் செருப்புதான். வெறுங்காலோடு சைதாப்பேட்டைக்கு வந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வீடு திரும்பியதில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அம்மன் முன்னால் நின்று கேட்பதற்கு ஒன்றும் தோன்றுவதில்லை. நன்றி சொல்லிவிட்டு வருகிறேன். இஸ்திரி வண்டிக்கு வருகிறவர்களிடம் நானாகவே பேசுகிறேன். வருகிற ஆடியில் கூழ் ஊற்றும் வரிசையில் முன்னால் நிற்பேன். அண்டா கழுவ வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாயின் பிள்ளைகளே, உங்களில் யாராவது எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அவள் வராமல் இல்லை. பக்கத்தில்தான் நிற்கிறாள். உங்கள் கை காலியாவதற்காகக் காத்திருக்கிறாள். பயம் வேண்டாம்.

மஞ்சு சொன்னதையே சொல்கிறேன். பிடி.