ஞாயிற்றுக்கிழமைப் புள்ளி

அந்த அலுவலகத்தில் அவளை யாருக்கும் பிடிக்காது. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி அது. மெக்கானிக்குகளுக்குக் கொடுத்திருக்கும் முப்பத்தெட்டு கைபேசிகளும் அவள் பொறுப்பு. எந்தக் கைபேசி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும் கண்காணிப்பு மென்பொருள் அவள் மேஜைக் கணினியில் ஓடும். முதுகுக்குப் பின்னால் அவள் பெயர் ‘சிசிடிவி அக்கா’. இரண்டு பேர் முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்திரண்டு. பத்தடிக்கு எட்டடி, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் பதினெட்டு வருடம்.

கைபேசி வாங்க வருகிறவன் முதலில் ஒரு தாளைப் படித்தாக வேண்டும். வேலை நாளில் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை அவன் இருக்கும் இடம் திரையில் தெரியும். அதற்குப் பிறகும் விடுமுறையிலும் தெரியாது. பேச்சு, செய்தி, படம் எதையும் யாரும் பார்க்க மாட்டார்கள். இட விவரம் முப்பதாம் நாள் அழியும். இதில் எது மாறினாலும் முன்கூட்டியே சொல்லி, புதிதாகக் கையெழுத்து வாங்கிய பிறகே மாற்றப்படும்.

“படிக்காமலே போட்டுடறேன்க்கா, நேரமாச்சு.”

“படிச்சவனுக்குத்தான் ஃபோன். அந்த ஸ்டூல்ல உக்காந்து படி.”

மென்பொருளே வேண்டாம் என்று அவள் நினைத்ததில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒருவன் லிஃப்ட் பள்ளத்தில் விழுந்து கிடந்தபோது, புள்ளி நகராததைப் பார்த்து ஆள் அனுப்பியவளே அவள்தான். கால் முறிந்து பிழைத்து வந்தவன் கேட்ட முதல் கேள்வி, “அப்போ தினமும் என்னையேதான் பாத்துட்டு இருந்தீங்களா?” என்பது.

ஏழு மாதத்துக்கு முன் வந்த மேலாளர் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். மெக்கானிக்குகளில் ஆறடி உயரத்துக்காரன் ஒருவன், எல்லோரும் அவனைக் கூப்பிடுவது ‘நெட்டை’ என்று. பேச்சு அவனைப் பற்றி.

“லீவு நாள்ல அவன் வெளிய தனி வேலை பாக்கறான்னு சந்தேகம். அவன் ஃபோன்ல ஞாயித்துக்கிழமையையும் தொறந்து விடுங்க.”

“தொறக்கலாம் சார். தாளை மாத்துங்க, அவன்கிட்ட சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டுத் தொறக்கறேன்.”

“சொல்லிட்டு வேவு பாக்கணுமா? திருடனுக்குப் பத்திரிகை வச்சு அழைக்கச் சொல்றீங்க.”

“வேவு பாக்க என்னை வேலைக்கு வைக்கல. ஃபோனைப் பாத்துக்கத்தான் வச்சிருக்காங்க.”

“பதினெட்டு வருஷம் ஒரே நாற்காலியில இருந்தா நாற்காலியே பேச ஆரம்பிச்சிடும்போல.”

“இந்த நாற்காலிக்கும் அந்தத் தாள் மனப்பாடம் சார்.”

அவர் எழுந்து போனார். விஷயம் அதோடு தீர்ந்தது என்று நினைத்தாள்.

மூன்று வாரம் கழித்து, திங்கட்கிழமைக் காலைக் கூட்டம். ஒன்பது மெக்கானிக்குகள் நின்றிருந்தார்கள்.

“என்னப்பா நெட்டை, அந்த நாலு மாடி ஆஸ்பத்திரியில நேத்து மூணு மணி நேரம் என்ன வேலை? போன ஞாயிறும் அங்கதான். அங்க ரெண்டு லிஃப்டும் நம்ம கான்ட்ராக்ட் இல்லையே?”

மேலாளரும் ஒரு காலத்தில் மெக்கானிக். எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் அவருக்கு முதலில் லிஃப்ட்தான் கண்ணில் படும். ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கும் ஆள் போவார்கள் என்பது தோன்றவே இல்லை.

நெட்டையின் முகம் செத்துப்போயிற்று. கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. இரண்டாம் மாடி டாக்டரைப் பார்ப்பதைப் பெற்ற அம்மாவிடம்கூட அவனும் மனைவியும் சொல்லவில்லை.

“எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் வைத்தியம் சார்” என்றான். “போதுமா? என்ன வைத்தியம்னும் சொல்லணுமா?”

யாரோ செருமினார்கள். அவன் நேரே அக்காவின் அறைக்கு வந்து கைபேசியை மேஜைமேல் அடித்தான்.

“தாளை எடுங்க. சத்தமா படிங்க. விடுமுறையில தெரியுமா, தெரியாதா?”

“தெரியாது.”

“அப்போ அந்தாளுக்கு என்ன ஜோசியமா தெரியும்?”

அவள் மாற்றங்களின் பதிவைத் திறந்தாள். இருபத்தொரு நாளுக்கு முன், மாலை ஐந்து ஐம்பதுக்கு ஞாயிறு திறக்கப்பட்டிருந்தது. திறந்தவர் பெயராக அவள் பெயரே இருந்தது. அன்று அவள் ஐந்து பத்துக்கே கிளம்பிவிட்டாள். எதையும் எழுதி வைக்காமல் விடக் கூடாது என்பது அவள் பழக்கம். கடவுச்சொல்லையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாள். நோட்டு இருந்த இழுப்பறைக்குப் பூட்டு கிடையாது.

“அரை மணி குடு” என்றாள். அவன் கதவை உதைத்துத் திறந்துகொண்டு போனான்.

மேலாளர் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். குரல் தணிந்திருந்தது. “அப்டேட் வந்தப்போ தானா ஆன் ஆயிடுச்சுன்னு சொல்லிடுங்க. முடிஞ்சுபோச்சு. நோண்டினா உங்க பேர்தான் வரும். வேலை போறது உங்களுக்குத்தான், எனக்கில்ல.”

“நீங்கதானே சார் தொறந்தது?”

“நிரூபிங்க.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. கணினியில் இருந்தது அவள் பெயர் மட்டுமே. ஒரு பொய் சொன்னால் வேலை நிலைக்கும்; சொன்னால் எட்டு வருடத்தில் மரியாதையாக ஓய்வு பெறலாம்.

திரும்பி வந்து ஞாயிறை மூடினாள். பதிவை அச்செடுத்தாள். மேலாளர் முதலில் என்ன கேட்டார், தான் என்ன பதில் சொன்னாள், கடவுச்சொல் எங்கே திறந்து கிடந்தது என்று ஒரு பக்கம் எழுதி, ஒரு பிரதியை முதலாளியம்மாவுக்கு அனுப்பினாள். நெட்டையைக் கூப்பிட்டு, சேர்ந்திருந்த மூன்று ஞாயிறுகளின் இட விவரத்தையும் அவன் கண்ணெதிரே அழித்தாள். இன்னொரு பிரதியை நீட்டினாள்.

அவன் இரண்டு முறை படித்தான். “அப்போ சாவியைப் பூட்டுலயே தொங்கவிட்டுட்டுத்தான் எங்க எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கினீங்களா?”

“ஆமா.”

“இதைக் குடுத்தா மன்னிச்சுடுவேன்னு நெனப்பா?”

“இல்ல. புகார் குடுப்பேன்னு நெனச்சேன்.”

“குடுக்கத்தான் போறேன். உங்க பேரும் அதுல வரும்.”

“வரட்டும். நேரத்தைச் சரியா எழுது. அஞ்சு அம்பது.”

முதலாளியம்மா வாசலில் அடையாள அட்டை தேய்த்துப் போய்வரும் நேரங்களின் பதிவை வரவழைத்துப் பார்த்தாள். அன்று ஐந்து பத்துக்கு அக்கா வெளியே. ஆறேகால் வரை மேலாளர் உள்ளே. அந்த வாரமே அவர் போனார். கைபேசிப் பொறுப்பை அக்காவிடமிருந்தும் எடுத்து, உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். அவள் புதிதாக வந்தவனிடம் முப்பத்தெட்டையும் ஒப்படைத்தாள். அதில் ஒன்றை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. நெட்டை சொந்தக் கைபேசியிலேயே வேலை பார்க்கிறான்.

கிடங்குக்கு வாரத்தில் இரண்டு நாள் வருகிறான். “பிரேக் லைனிங் ரெண்டு” என்பதற்கு மேல் அவளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவளும் இரண்டை எண்ணி வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடுகிறாள்.