பங்கிராஸின் கரிக் கார்

அனுமந்தன்பட்டியில் அப்போதெல்லாம் பஸ்ஸையும் கார் என்றுதான் சொல்வார்கள். எஸ்டேட் துரை போவதும் கார், முப்பது பேர் தங்கள் மூட்டை முடிச்சுகளோடும் கோழிகளோடும் ஏறிப் போவதும் கார். ஆனால் 'நம்ம கார்' என்றால் அது ஒன்றுதான். காலைப் பூசை முடிந்ததும் மாதா கோயில் முன்னால் புறப்பட்டு, உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகத் தேனிக்குப் போய், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடும் பங்கிராஸ் கார். முதலாளி, டிரைவர், கண்டக்டர் எல்லாம் அவர் ஒருவரே.

ஆள் குள்ளம். குரல் மட்டும் பெரிசு. பேரம் பேசுகிறவர்களை அவருக்கு ஆகாது. நேரம் தவறி வருகிறவர்களை அதைவிட ஆகாது. பெண்டாட்டி ஆரோக்கியம்மாளுக்குக் குளிர்காய்ச்சல் வந்து கிடந்த நாளில்கூடக் கார் கிளம்பியது. அவளையும் பின் சீட்டில் படுக்கவைத்துக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டிக் கூட்டி வந்தார். வழியில் ஏறியவர்களிடம் டிக்கெட்டுக்குக் காசு வாங்கவும் மறக்கவில்லை. இப்படிப்பட்ட மனுஷனோடு குடும்பம் நடத்தியதற்கே ஆரோக்கியம்மாளுக்குத் தனியாக ஒரு பூசை வைக்கலாம்.

உலகச் சண்டைக் காலம் வந்தது. போடி ரயிலை நிறுத்தினார்கள். நிறுத்தியதோடு விடாமல், சண்டைக்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தையும் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அடுத்தது பெட்ரோல். கூப்பன் இருந்தால்தான் பெட்ரோல். கொடுக்கிற கூப்பனோ வாரத்தில் இரண்டு நாள் ஓட்டத்துக்குத்தான் காணும். ரயிலும் இல்லாமல் காரும் இல்லாமல் ஜனங்கள் காய்கறிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் வேலுச்சாமி. கூப்பன் வாங்கி விற்பது அவன் தொழில். வெள்ளை ஜிப்பா, கக்கத்தில் குடை.

"பங்கிராஸண்ணே, காரைக் கொட்டகையில நிப்பாட்டுங்க. கூப்பனை என்கிட்டக் குடுங்க. டயரும் தேயாது, ஒங்க முதுகும் தேயாது. உக்காந்த எடத்துல துட்டு."

அவன் சொன்னது பொய்யில்லை. கம்பத்தில் கார் வைத்திருந்தவர்கள் பாதிப் பேர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். பங்கிராஸ் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் முழுக்கக் கணக்குப் போட்டார். சாமியார் நரகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, இவர் மனசுக்குள் மூன்று காரை ஓட்டிப் பார்த்தார். பெட்ரோலில் ஓட்டினால் இரண்டு நாள் வரும்படியில் ஏழு நாள் சாப்பிட வேண்டும். காருக்குப் பின்னால் டிரம் வைத்து, அதில் கரியை எரித்து வருகிற கேஸில் ஓட்டினால் தினமும் ஓட்டலாம். ஒரு கேலன் பெட்ரோல் ஓடுகிற தூரத்துக்குக் கரிச் செலவு அதில் கால் பங்குதான். ஆனால் டிரம்மும் குழாயும் மாட்ட ஒரு பெரிய தொகை வேண்டும்; மாட்டிவிட்டால் கூப்பனும் நின்றுபோகும். மூன்றாவது, காரை ஓட்டவே ஓட்டாமல் கூப்பனை விற்பது. லாபம் அதில்தான் அதிகம்.

எத்தனை தடவை கூட்டிப் பார்த்தாலும் மூன்றாவதுதான் ஜெயித்தது. அதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டார்.

"நிக்கிற காருக்கு எதுக்குடி நாலு சக்கரம்?" என்றார் ஆரோக்கியம்மாளிடம்.

அவளுக்கு அவரைத் தெரியும். வாய்க்கால் ஓரத்தில் அவள் அப்பா கொடுத்த நஞ்சைத் துண்டு ஒன்று இருந்தது.

"அதை வித்துருங்க. ஆனா ஒண்ணு. அதுக்கப்புறம் காரு நின்னுச்சுன்னா நமக்கு நெல்லும் இல்ல, காரும் இல்ல. அதை மட்டும் மனசுல வச்சுக்கங்க."

நிலம் போயிற்று. மதுரையில் டிரம் மாட்டிக்கொண்டு கார் திரும்பி வந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு டிரம், அதிலிருந்து கூரைக்கு மேல் ஏறி முன்பக்கம் இறங்கும் குழாய். கரியைக் கொட்டி நெருப்பு வைத்து, கையால் ஒரு சக்கரத்தைச் சுற்றி ஊதிக்கொண்டே இருந்தால், பூசை முடிகிற நேரத்துக்கு எஞ்சின் இருமிக்கொண்டு உயிர் பெறும். வீரபாண்டி ஏற்றத்தில் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். தேனியில் போய் இறங்கும்போது மாப்பிள்ளையும் கறுப்பு, மாமனாரும் கறுப்பு. ஆனால் கார் தினமும் ஓடியது. பங்கிராஸ் மூஞ்சியில் அப்பிய கரிக்கு நடுவே பல் மட்டும் தெரிந்தது. மனுஷன் சிரித்துக்கொண்டே இருந்தார்.

கணக்கில் அவர் விட்டது ஒன்று உண்டு. ஊரிலுள்ள கார்கள் எல்லாம் கரிக்கு மாறினால் கரி விலை சும்மா இருக்குமா? ஆடி பிறந்தபோது மலைக்கரி மூட்டை இரண்டு மடங்காக ஏறியது. பிறகு கேட்டாலும் கிடைக்கவில்லை. தேனி வாரச் சந்தைக்குப் போகும் பெண்களிடம் பங்கிராஸ் சொன்னார்:

"காசு வேணாத்தா. வீட்ல அடுப்புக்கரி சேத்துக் கொண்டாங்க. அதான் டிக்கெட்."

பெண்களுக்கு இதைவிடச் சந்தோஷம் வேறில்லை. காய்கறி விற்ற பிறகுதான் கையில் காசு பார்ப்பவர்கள் அவர்கள். வாரம் முழுக்கச் சேர்த்த கரியை ஓலைப்பெட்டியில் கொண்டுவந்து கொட்டினார்கள். அந்தச் சந்தை நாளில் முழுக்க அடுப்புக்கரியிலேயே கார் கிளம்பியது. சின்னமனூர் தாண்டவில்லை. இருமியது, முனகியது, நடுரோட்டில் நின்றது. பங்கிராஸ் ஊதுசக்கரத்தைக் கை ஓயும்வரை சுற்றினார். டிரம் மூடி இடுக்கில் வெறும் ஆவிதான் வந்தது. மேற்கே இருந்து சாரல் வேறு. சந்தை கலைகிற நேரம்வரை அங்கேயே கிடந்தார்கள். கூடைகளில் கீரை வாடித் தொங்கியது.

கீரை விற்கும் மாயக்காள் சும்மா விடுகிற ஆளில்லை.

"ஒங்க காரை நம்பினதுக்கு நடந்தே போயிருப்பம்ணே! இந்த வாரம் புள்ளைகளுக்கு என்னத்த ஆக்கிப் போடுவேன்?"

பங்கிராஸ் காரை இழுக்க மாடு தேடிப் போனார். 

மாட்டைப் பூட்டி இழுத்து வந்து காரை வீட்டு முன்னால் நிறுத்தினார்கள். விஷயம் கேள்விப்பட்டு வேலுச்சாமி வந்தான். இந்தத் தடவை கூப்பன் கேட்கவில்லை. காரையே கேட்டான், மலையிலிருந்து மரம் ஏற்றுவதற்கு. "அடுத்த சந்தை அன்னைக்கு வாங்க, முடிவு சொல்றேன்" என்றார் பங்கிராஸ். சொல்லிவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தார். ஆரோக்கியம்மாள் சமையலை முடித்து, சொம்புத் தண்ணீரை எடுத்து அடுப்பில் கிடந்த கங்குகள்மேல் தெளித்தாள். சுர்ரென்று ஆவி எழும்பியது. டிரம்மில் பார்த்த அதே ஆவி.

"ஏய், ஊத்தாத!" என்று கத்திவிட்டார்.

மலைக்கரி மண் மூட்டத்துக்குள் வேகிறது, தண்ணீரே காணாது. வீட்டுக் கரியோ ஒவ்வொரு பொழுதும் குளித்துவிட்டு வருகிறது. சாரல் மாதத்தில் அது காய ஏது வெயில்? ஊரில் ஒவ்வொரு அடுப்பும் இப்படித்தான் அணைகிறது என்பது அவருக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை.

"இனிமே தண்ணி ஊத்தக் கூடாதுன்னு எல்லார்ட்டயும் சொல்லிருவோம்" என்றார்.

ஆரோக்கியம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள். "ஆடிக் காத்துல கங்கை அப்பிடியே விட்டுட்டுப் படுக்கச் சொல்றீகளா? அத்தனையும் கூரை வீடு. கீழத்தெரு எரிஞ்சது மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. அதில் அவருடைய சித்தப்பா வீடும் ஒன்று. கணவாய் வழியாக இறங்கும் ஆடிக் காற்றில் ஒரு பொறி போதும். அந்தப் பெண்களிடம் போய் இதைச் சொல்ல அவருக்கு வாயும் இல்லை, முகமும் இல்லை. காரை விற்றுவிடுவது என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

அவர் படுத்த பிறகு ஆரோக்கியம்மாள் ஒரு காரியம் செய்து பார்த்தாள். பழைய பானை ஒன்றில் கங்குகளை அள்ளிப் போட்டு, தட்டால் மூடி, சுற்றிலும் களிமண்ணை அப்பினாள். விடிந்து திறந்தபோது பொறி ஒன்று இல்லை. கரி ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்றது. பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக மாயக்காள் வீட்டுக்குப் போனாள். அந்த வாரம் அவள் எத்தனை வீட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தாள் என்பது பங்கிராஸுக்குத் தெரியாது. அவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார், பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற தகப்பனைப் போல.

சந்தை நாள் காலையில் வேலுச்சாமி மடியில் பணத்தோடு வந்து நின்றான். பங்கிராஸ் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கோயில் முன்னால் பெண்கள் கூட்டம். ஒவ்வொருத்தி காலடியிலும் காய்கறிக் கூடை ஒன்று, வாய் மூடிய பானை ஒன்று. மாயக்காள் முன்னால் வந்து தன் பானையின் மண்ணைத் தட்டி உடைத்து, ஒரு கரித் துண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"சொட்டுத் தண்ணி படல. ஒங்க வீட்டுக்கார அம்மா சொன்னாக, செஞ்சோம். எடுங்கண்ணே காரை, கீரை வாடுது."

பங்கிராஸ் அந்தக் கரியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு சத்தம் போட்டு அழுதார். அவருக்குத்தான் குரல் பெரிசாயிற்றே, தெரு முழுக்கக் கேட்டது. அழுதுகொண்டே டிரம்மில் கரியைக் கொட்டினார்.

கார் கிளம்பியது. வேலுச்சாமிக்கும் தேனிக்குப் போக வேறு வழியில்லை, ஏறிக்கொண்டான். வீரபாண்டி ஏற்றத்தில் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவனும் இறங்கித் தள்ளினான். "இன்னும் கொஞ்சம் தம் கட்டுங்க" என்று மாயக்காள் பின்னாலிருந்து விரட்டினாள். ஜிப்பா கறுத்துப்போயிற்று.

சண்டை முடியும்வரை கார் ஒரு சந்தையையும் தவறவிடவில்லை. முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் பங்கிராஸ் மதுரைக்குப் போய் டிரம்மைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார். அடுத்த சந்தை நாளில் மாயக்காள் வழக்கம்போலப் பானையோடு வந்தாள். காருக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"இனிமே கரி வேணாமாண்ணே?"

"பெட்ரோல் வந்துருச்சுல்லத்தா."

அவள் கூடையையும் பானையையும் பார்த்துக்கொண்டு நின்றாள். கீரை விற்றால்தானே காசு. அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்களும் பானையோடு நின்றார்கள். பங்கிராஸ் கொஞ்ச நேரம் வாய்க்குள் கணக்குப் போட்டார். எந்தப் பக்கம் கூட்டினாலும் நஷ்டம்தான் வந்தது. இறங்கி வந்து பானையின் மண்ணை உடைத்து, உள்ளே கையை விட்டுத் துழாவினார்.

"காஞ்ச கரிதான். ஏறு, நேரமாகுது" என்று அதட்டினார்.

அதன் பிறகும் சந்தை நாளில் அனுமந்தன்பட்டிப் பெண்களுக்குக் கரிதான் டிக்கெட். பங்கிராஸ் வீட்டுக் கொல்லையில் கரி கூரை வரைக்கும் ஏறிக் கிடந்தது. இத்தனை கரி எதற்கு என்று ஆரோக்கியம்மாள் ஒரு நாளும் கேட்கவில்லை.