தள்ளிப்போனது எது

பதினொரு வருடமாக அவள் பேருந்தில் நின்றே பிழைத்தவள். நடத்துனருக்கென்று ஓர் இருக்கை உண்டு. அதில் எப்போதும் காலொடிந்த யாராவது உட்கார்ந்திருப்பார். ஆகவே முப்பத்தெட்டாவது வயதில் அவளுக்கு இருந்தது ஒரே ஆசை: உட்கார்ந்து ஓட்ட வேண்டும். ஓட்டுநர் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, மூன்று மாதமாக ஞாயிறுதோறும் பணிமனை மைதானத்தில் ஒரு ஓட்டை வண்டியைத் தகர டிரம்களுக்கு நடுவே பின்னால் எடுத்துப் பழகினாள். நசுங்கிய டிரம்களைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தபோது ஒரு காலையில் கணவனிடம், "தள்ளிப் போயிருக்குங்க" என்றாள்.

அவன் எலக்ட்ரீஷியன். வேலைக்குக் கிளம்ப ஏணியைத் துடைத்துக்கொண்டிருந்தவன், "நல்லதாப் போச்சு விடு. இன்னும் கொஞ்சம் பழகிக்கலாம்ல" என்றான்.

பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அப்பன்; தள்ளிப்போனது தேர்வு அல்ல என்று அவனுக்கு உறைப்பதற்குள் அவளுடைய காபி ஆறிவிட்டது. உறைத்ததும் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தானும் பக்கத்தில் சாய்ந்துகொண்டான்.

ஏழு வாரம் என்றார் மருத்துவர். பெற்றுக்கொள்ளலாம், வேண்டாமென்றால் கலைக்கவும் வழியிருக்கிறது, அதைச் சீக்கிரம் செய்வது நல்லது என்றார். இந்த வயதில் பிள்ளை பெறுவதில் உள்ள சிக்கல்களையும் மறைக்கவில்லை. கடைசியில், "யாருக்காகவும் முடிவு பண்ணாதீங்கம்மா. உங்களுக்கு என்ன வேணும்னு ஒரு வாரம் யோசிங்க" என்றார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உனக்கு என்ன வேண்டும் என்று அவளை யாரும் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா ஒருமுறை கலைத்தவள். "அன்னைக்கு எனக்கு அதுதான் சரி. இன்னைக்கும் சரின்னுதான் தோணுது. ஆனா அது என்னோட சரிடி, உன்னோடது இல்ல."

கணவனோ எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்றான். மூன்றாம் நாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. பெருந்தன்மை காட்டுகிறேன் பேர்வழி என்று நைசாக நழுவுவதாகப் பிடித்து உலுக்கினாள். அவன் எழுந்து வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"எனக்கு ஆசையாத்தான் இருக்கு. சொன்னா உன்னை நெருக்குற மாதிரி ஆயிடுமோன்னு பயம். நீ வேணாம்னா ஆஸ்பத்திரிக்கும் நான்தான் கூட வருவேன். வேணும்னா, உனக்கு வண்டி இருக்குற நாள்ல குழந்தைய நான் பாத்துக்குவேன்."

அதற்குப் பிறகு அவள் தன் பாணியில் ஒரு சோதனை செய்தாள். ஒரு நாள் முழுக்க, கலைப்பதென்று முடிவு செய்துவிட்டவளாகவே வேலை பார்த்தாள். மனம் லேசாகத்தான் இருந்தது. அவள் அதைத் தன்னிடமே மறைத்துக்கொள்ளவில்லை. மறுநாள் பெற்றுக்கொள்வதென்று முடிவு செய்தவளாக ஏறினாள். காலையெல்லாம் பயத்தில் சில்லறையைத் தப்புத் தப்பாக எண்ணினாள். மதியத்துக்கு மேல், ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் தான் இரண்டு தடவை சொல்வதைக் கவனித்தாள். சத்தமாக ஒரு தடவை பயணிகளுக்கு. முணுமுணுப்பாக இன்னொரு தடவை, யாருக்கு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கடைசி நிறுத்தத்தில், இறங்குகிறவர்கள் இறங்கும் முன்பே போகலாம் என்று விசில் அடித்து ஓட்டுநரிடம் திட்டு வாங்கினாள். சிரித்துக்கொண்டே வாங்கினாள்.

பெற்றுக்கொள்வது என்று அன்று மாலை மருத்துவரிடம் சொன்னாள். தேர்வுக்குப் போகலாமா என்றும் கேட்டாள். உடம்பு ஒத்துழைத்தால் தாராளமாகப் போகலாம் என்றார் அவர்.

தேர்வு நாளன்று உடம்பு அவ்வளவாக ஒத்துழைக்கவில்லை. மைதானத்து வாசலில் கணவனும் மகளும் பார்த்து நிற்க, அவள் டிரம்முக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தேர்வு அதிகாரி நல்ல மனிதர். அவளுடைய வெளுத்த முகத்தைப் பார்த்தார்.

"முடியலன்னா சொல்லுங்கம்மா. இன்னொரு நாளைக்குத் தள்ளிப் போட்டுக்கலாம்."

"வேணாம் சார். ஒண்ணு தள்ளிப்போனதே போதும்."

அதிகாரிக்கு விளங்கவில்லை. வாசலில் நின்றவனுக்கு இந்த முறை உடனே விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அவள் ஏறி, ஓட்டுநர் இருக்கையில் நிதானமாக உட்கார்ந்தாள். அன்று ஒரு டிரம்கூட நசுங்கவில்லை.