பொன்னப்பன் கை தொட்ட வண்டி

கழற்றிய பில்டரைக் கழுவுவதற்கு முன்னால் லாரிக்காரன் முகத்துக்கு நேரே நீட்டுவார் பொன்னப்பன். "பாத்தியா மக்கா, ஒனக்க வண்டி தின்ன மண்ணாக்கும் இது." பார்த்துத் தலையாட்டாதவன் வண்டியை எடுத்துப் போக முடியாது. அமரவிளை ரோட்டோரத்து ஓலைக் கொட்டகையில் அவர் வைத்ததுதான் சட்டம்.

டீசல் பில்டருக்குள் இருக்கும் கம்பளித் துணியை அவர் கழுவவே மாட்டார், கறுத்தால் புதிதுதான். காற்றை வடிகட்டும் டப்பாவை மட்டும் கழுவுவார். கம்பி வலையைப் பெட்ரோலில் அலசி உதறி, தூசியைப் பிடித்துவைக்க அடியில் இன்ஜின் ஆயிலைக் கோடு வரைக்கும் ஊற்றுவார். கோட்டைத் தாண்டிய சொட்டையும் துணியால் ஒற்றி எடுப்பார். "இது வண்டிக்க மூக்காக்கும். மூக்கடச்சவன் மேடு ஏறுவானா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வெற்றிலை மடிப்பார். தன் கை தொட்ட வண்டி வழியில் நின்றதில்லை என்று சொல்லும்போது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்துவார். கொஞ்சமென்ன, நன்றாகவே நிமிர்த்துவார்.

தமிழ் பேசும் பகுதிகள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும், கூடாது என்று எல்லைப் போராட்டத்தில் ஊர் இரண்டுபட்டுக் கிடந்த காலம். பொன்னப்பனுக்கு வீட்டில் மலையாளம், கொட்டகையில் தமிழ். எந்தப் பக்கம் என்று கேட்டவர்களுக்கு, "லாரிக்க அடிப்பக்கம்" என்று பதில் சொல்லி உள்ளே புகுந்துகொள்வார்.

தனு மாதக் குளிரில் ஒரு விடியற்காலை. சேரவேண்டும் என்பவர்களின் போராட்டக் கூட்டத்துக்கு ஆளேற்றிக் குழித்துறைக்குப் போன சத்தியதாஸின் லாரி, பாறசாலை மேட்டில் கரும்புகை கக்கி நின்றுபோனது. சில நாள் முன்புதான் பொன்னப்பன் பில்டர் வேலை பார்த்த வண்டி. கேள்விப்பட்டுச் சைக்கிளில் பறந்து வந்தவரை ஆட்கள் வளைத்துக்கொண்டார்கள்.

"நீரு மறுபக்கத்து ஆளுதான் ஓய். வேணும்னு கெடுத்துப்போட்டீரு," என்றார் கூட்டத்துக்கு ஆள் திரட்டிய சுயம்பு.

பொன்னப்பனின் முகம் செத்துப்போனது. எந்தப் பக்கத்து ஆளென்றும் சொல்லிக்கொள்ளட்டும். வேலையைக் கெடுத்தார் என்றால் பிறகு அவர் யார்? பானெட்டைத் தூக்கி டப்பாவைக் கழற்றினார்.

உள்ளே அவர் ஊற்றிய ஆயில் இல்லை. குளிரில் உறைந்த தேங்காயெண்ணெய் வலைக்கண்களை அடைத்துக்கொண்டு வெள்ளையாக நின்றது. ஆயில் கறுத்துவிட்டது, பொன்னப்பன் பார்த்தால் ஏசுவார் என்று பயந்து சத்தியதாஸ் அதைக் கொட்டியிருக்கிறான். கடையடைப்பில் வேறு ஆயில் கிடைக்கவில்லை. வீட்டில்தான் பரணிச் சாடி நிறையத் தேங்காயெண்ணெய் இருக்கிறதே.

"ஆரு செய்த வேலை இது?" என்று கேட்டார் சுயம்பு. அவர் பின்னால் நாலைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

பொன்னப்பன் டப்பாவிலிருந்து ஒரு கை நிறைய வழித்தெடுத்தார். "இதுக்க எடம் இங்கயாக்கும், மக்கா," என்று சத்தியதாஸின் தலையைக் குனியவைத்து, எல்லோரும் பார்க்க, உச்சியில் அப்பி அரக்கித் தேய்க்கத் தொடங்கினார்.