சப்பரம் போன மனை

அருள்தாஸ் சித்தப்பா எனக்கு ரத்த உறவில்லை, ஒரே தெரு. கீரனூர் அரிசி மில் லாரி, விராலிமலை கம்பெனி வேன் என்று பாதி ஆயுள் அடுத்தவர் வண்டியையே ஓட்டியவர். ஐம்பது வயதில்தான் சொந்தமாக ஒரு குட்டியானை லோடு வண்டி வாங்கினார். முன்கண்ணாடியில் மகள் நான்சியின் பெயரை எழுதி, ஆவூர் மாதா கோயிலுக்கு ஓட்டிப்போய்ப் பங்குச் சாமியாரிடம் மந்திரித்துக்கொண்டு வந்தார். தகப்பன் வழி மனையை விற்ற பணத்தில் வாங்கிய வண்டி அது.

மனை மெயின் ரோட்டை ஒட்டியது. பார்வைக்கு நல்ல இடம். ஆனால் அந்தோணியார் திருவிழாச் சப்பரம் கோயில் தெருவிலிருந்து ரோட்டுக்கு வர, அந்த மனையைக் குறுக்கே வெட்டித்தான் வரும். தெருமுனை குறுகல், தோளில் சப்பரத்தோடு ஆட்கள் திரும்ப முடியாது. அதனால் மூலைக்கு மூலை பாதை விட்டிருந்தார்கள். மிஞ்சியது இரண்டு முக்கோணம். ஆடு கட்டலாம், வீடு கட்ட முடியாது. பத்திரத்தில் மட்டும் அந்தப் பாதை இல்லை. சாமிக்கு விட்டதை எழுதிவைத்தால் சாமியிடமே கணக்குப் பார்த்தது போலாகும் என்று அந்தக் குடும்பத்தில் யாரும் எழுதவில்லை.

வெளியாள் ஒருவரும் வாங்க வரவில்லை. சிங்கப்பூரிலிருந்து திரும்பியிருந்த அமல்ராஜ்தான் கேட்டார். சித்தப்பாவின் தங்கை அந்தோணிமேரியின் கணவர்.

"பாதை போற எடத்துக்கு இதுக்கு மேல யாரு தருவா மச்சான்? பதினாலு லட்சம். வேற ஆளா இருந்தா பத்துதான்."

"சரி மாப்ள. சப்பரத்துக்கு மட்டும் வழிய மறிச்சிராதீங்க."

"நானும் இந்த ஊர்ல பொண்ணெடுத்தவன்தானே."

பத்திர ஆபீசில் வழிகாட்டி மதிப்பு முப்பது லட்சம் என்றார்கள். ரோட்டோர மனை என்றால் அந்த விலைதான். சப்பரம் போவது அரசாங்கத்துக்குத் தெரியாது. கூடுதல் முத்திரைக் கட்டணத்தை அமல்ராஜே கட்டினார். மாப்பிள்ளையின் பெரிய மனசு என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

பிறகு வருமான வரி நோட்டீஸ் வந்தது. எங்கள் தெருவில் முதல் பட்டதாரி நான். பி.காம். முடித்துப் புதுக்கோட்டையில் ஓர் ஆடிட்டரிடம் வேலை பார்க்கிறேன். என்னிடம்தான் வந்தார்.

"நான் வாங்குனது பதினாலு. முப்பதுக்கு வரி கேக்குறாங்க. மிச்சத்த யாருடா வாங்குனா?"

"அரசாங்க மதிப்புக்கு ரொம்பக் கீழ வித்தா, அந்த மதிப்புக்கே வித்ததா எடுத்துக்குவாங்க சித்தப்பா."

"மாப்ளைக்கும் நோட்டீஸ் வருமா?"

"வராது. தங்கச்சி புருஷன் சொந்தத்துல சேர்த்தி. சொந்தம்னா வாங்குனவருக்குச் சலுகை உண்டு. வித்தவருக்கு இல்ல."

"நல்ல சட்டம்டா. ஒன்னய மாதிரி படிச்சவங்கதானே எழுதியிருப்பாங்க."

ஒரே வழி இருந்தது. இடத்தை நேரில் பார்த்து மதிப்பிடத் துறையின் அதிகாரியை அனுப்பும்படி மனுப் போட்டோம். விற்ற நாளில் பாதை இருந்தது என்று அவர் எழுதினால் மதிப்பு இறங்கும். எழுதாவிட்டால் வரிக்கும் வட்டிக்கும் வண்டியைத்தான் விற்க வேண்டும். மற்ற பணமெல்லாம் நான்சியின் நர்சிங் படிப்புக்குப் போயிருந்தது.

அதிகாரி வந்த அன்று மனையைச் சுற்றிக் கல்லுக்காலும் கம்பிவேலியும் நின்றன. அமல்ராஜ் அங்கே கடைகள் கட்ட பேங்க் லோனுக்கு அலைந்துகொண்டிருந்தார். பாதை என்று யாராவது எழுதிவிட்டால் லோன் கிடைக்காது.

"இங்க பாதை ஏதும் இருந்துச்சுங்களா?" என்றார் அதிகாரி.

"அப்படி எதுவும் இல்ல சார். பத்திரத்தப் பாருங்க," என்றார் அமல்ராஜ்.

சித்தப்பா மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "பாதைன்னு சொல்லித்தானே மாப்ள வெலையக் கொறச்சீங்க?"

"நீங்கதான் அவசரம்னு வித்தீங்க மச்சான்."

திருவிழாக் கமிட்டித் தலைவர் சூசைராஜ் வேலியோரம் நின்றார். சப்பரத்துக்குப் புதிதாகச் சக்கர வண்டி செய்ய அமல்ராஜிடம் நன்கொடை வாங்கியவர். அதிகாரி அவரைக் கேட்டார்.

"சப்பரம் பள்ளிக்கூடத் தெரு வழியாப் போகுதுங்க."

"முன்னாடி?"

"முன்னாடி எப்படி எப்படியோ போச்சுங்க."

சித்தப்பா தங்கையைப் பார்த்தார். "மேரி, நீ சொல்லு. வருசா வருசம் இந்த எடத்துல நின்னுதானே சப்பரத்து மேல உப்பும் மெளகும் போடுவ?"

மேரி அத்தை முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். "எனக்கு ஞாபகமில்லண்ணே. சாருக்குக் காப்பி கொண்டாரேன்."

கொண்டுவந்தார். அண்ணனுக்கும் ஒரு தம்ளர். சித்தப்பா அதை வாங்கிக் குடித்தார்.

பாதைக்கு ஆதாரம் இல்லை என்று எழுதி, மதிப்பைப் பேருக்குக் கொஞ்சம் குறைத்தார்கள். மேல்முறையீடு போகலாம் என்றேன். பழைய திருவிழாப் படங்களைத் தேடலாம், மேரி அத்தையை மறுபடி விசாரிக்கச் சொல்லலாம் என்றேன்.

"அமல்ராஜ் பொய் சொன்னான், போவட்டும். அவன் வந்தவன். இவ என் கூடப் பொறந்தவடா. இன்னொரு ஆபீசர் கேப்பாரு. இவ இன்னொரு தடவ ஞாபகமில்லம்பா. அத நான் உக்காந்து கேக்கணும். வேணாம்."

சொல்லிக்கொண்டே எழுந்தார்.

"அறந்தாங்கியிலேர்ந்து வண்டியப் பாக்க ஆள் வர்றாங்க. நீ கூட இரு. எனக்கு வெல பேச வரமாட்டேங்குது."